கசப்பனைச் சுவைத்தவர்கள்

அண்ணன் நாக்கை நீட்டும்போதெல்லாம் லென்ஸக்காவுக்குக் குமட்டும். முப்பது வருஷமாகக் குமட்டுகிறது, இன்னும் பழகவில்லை. பாறையில் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார். நகக்கண்ணில் ஒட்டியதை நாக்கு நுனியில் தடவிக்கொண்டு, கண்ணை மூடி, கச்சேரி கேட்பவரைப் போலத் தலையை ஆட்டுவார். பிறகு கைக்குட்டையில் துப்பி, அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மத்தியானம் அதே கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

"கசக்குது பாப்பா. எழுதிக்கோ" என்பார்.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எந்நேரமும் ஒரு லென்ஸ் தொங்குவதால் மற்ற எல்லாருக்கும் அவள் லென்ஸக்கா. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேலைதான். காட்டுப் பாறைகளில் படர்ந்திருக்கும் லைக்கன்களை இனம் பிரித்துப் பெயர் சொல்வது. மாடியில் அண்ணன் குடித்தனம், கீழே ஆய்வகம். யாராவது தெரியாத்தனமாக "ஓ, பாசியா?" என்று கேட்டுவிட்டால் போதும், லென்ஸக்காவின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஒரே உடம்பாகக் குடும்பம் நடத்துவதுதான் லைக்கன். அதைப் பாசி என்பது, புருஷன் பெண்டாட்டி இருக்கும் வீட்டில் ஒருத்தர் பெயரை மட்டும் வாசலில் எழுதி வைப்பது போல என்று சொல்லி, கேட்டவரை ஏன் கேட்டோம் என்று ஆக்கிவிடுவாள்.

கசப்பன் என்பது அவர்களே வைத்த செல்லப் பெயர். புத்தகப் பெயர் வாயில் நுழையாது. அந்தக் காட்டில், ஒரு மேட்டின் உச்சியில், ஒரே ஒரு பாறையில் மட்டும்தான் அது இருந்தது. வேறெங்கும் பார்த்ததாக இதுவரை யாரும் எழுதவில்லை. சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியதுபோல் இருக்கும், மேலே வெள்ளைப் பொடிப் புள்ளிகள். பார்ப்பதற்கு ஒன்றும் பெரிய அழகில்லை. இதில் ஒரு தொல்லை என்னவென்றால், அச்சு அசலாக அதே சாயலில் சப்பையன் என்று இன்னொன்று உண்டு. அது காடு முழுக்கக் கிடக்கிறது. கண்ணால் பிரிக்க முடியாது, லென்ஸாலும் முடியாது. இரண்டே வழிதான். ஒரு சொட்டுக் காரக் கரைசலும் அதன்மேல் ஒரு சொட்டு பிளீச்சிங் தண்ணீரும் விட்டால் கசப்பன் இரண்டு நொடி ஊதா நிறம் காட்டி அடங்கிவிடும். இல்லையென்றால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் கசப்பன், சப்பென்று இருந்தால் சப்பையன்.

"நாக்கு இருக்கும்போது சீசா எதுக்கு?" என்பது அண்ணனின் கொள்கை.

அந்தக் கொள்கையை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள், அதிகாரிகள், அவர்களோடு வரும் குடும்பத்தார் என்று எல்லாரையும் மேட்டுக்கு அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு சுரண்டல் கொடுத்து, கசக்கிறதா என்று கேட்பார். அவர்கள் முகத்தைக் கோணிக்கொண்டு அங்கேயே துப்புவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். பதினோரு பேர் வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறது. கசப்பன் வளர்வதே பறவைகள் வந்து உட்கார்ந்து எச்சமிடும் பாறையில்தான், அந்த எச்சம்தான் அதற்கு உரம் என்பது படத்தில் இருக்கும் பதினோரு பேரில் பாதிப் பேருக்குத் தெரியாது. லென்ஸக்கா அந்தப் படத்துக்கு முதுகு காட்டியே மேஜையைப் போட்டிருந்தாள்.

வருஷா வருஷம் மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும், அருகிவரும் உயிர்கள் இன்னும் இருக்கின்றனவா என்று. வாய் வார்த்தை செல்லாது. அந்த வருஷம் எடுத்த துண்டு ஒன்று, கட்டைவிரல் நகத்தின் அளவுக்குக் குறையாமல், காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தேதியிட்டுக் கூடவே போக வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் 'காணவில்லை' என்று எழுதிவிடுவார்கள். பாறையைச் சுற்றிப் போட்டிருக்கும் கம்பி வேலியைப் பிடுங்கி வேறு எதற்காவது கொண்டுபோவார்கள். நாலு வருஷமாக அண்ணன்தான் போய் எடுத்துவந்தார். இந்த வருஷம் அவருக்கு மூட்டு வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை படிவம் போயாக வேண்டும். திங்கட்கிழமை காலை லென்ஸக்கா கத்தியையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

மேடு ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேலிக்குக் காவலாகச் சம்பளத்துக்கு வைத்திருந்த வேலிக்காரர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

பாறையைப் பார்த்ததும் லென்ஸக்கா தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். நாலு வருஷத்துக்கு முன் உள்ளங்கையை விரித்து வைத்ததுபோல் கசப்பன் படர்ந்திருந்த முகப்பு இப்போது சொட்டையாக இருந்தது. உளி பட்ட தடங்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. ஓரத்தில் யாரோ சாக்பீஸால் வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்திருந்தார்கள். ஒரு வெடிப்பில் துடைத்துப்போட்ட டிஷ்யூ பேப்பர் மக்கிப்போய்க் கிடந்தது, இன்னொன்றில் பல் பதிந்த சூயிங்கம். மற்றதெல்லாம் பறவை எச்சமும் மனித எச்சிலும்தான். இரண்டில் பறவையினுடையதே பார்க்கச் சுத்தமாக இருந்தது.

மண்டியிட்டு லென்ஸை வைத்துத் தேடினாள். கிழக்குப் பக்கத்து விளிம்புக்குக் கீழே, உளி எட்டாத ஒரு குழிவில், ஒரே ஒரு பொருக்கு மிச்சம் இருந்தது. கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். சரியாக ஒரு நகம்.

கத்தியை எடுத்தாள். எடுத்த கையோடு அப்படியே இருந்தாள். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் உயிர் அது. ஒரு நகம் அளவுக்கு வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். இது கசப்பன்தானா, சப்பையனா என்றே தெரியாது. அங்கேயே சுரண்டினாலோ சொட்டு விட்டாலோ இவ்வளவு சின்னது பிழைக்காது, தெரிய வேண்டுமென்றால் எடுக்க வேண்டும். எடுத்தால் தெரிந்துவிடும், ஆனால் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது.

"இது இப்படி ஆனதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்று வேலிக்காரரிடம் கேட்டாள்.

"யார்கிட்ட மேடம் சொல்றது? சுத்திப் பார்க்க வர்றவங்க பாவம், வேலிக்கு வெளியவே நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. ஆடு வந்தா நான் விரட்டிடுறேன். உளி கொண்டு வர்றது உங்க ஆளுங்கதான். உங்களுக்குக் கேட்டைத் திறந்துவிடுறதுதானே என் வேலையே."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"போன வருஷம் ஏழு பேரு. இருக்கான்னு பார்க்க வந்தோம்னு சொல்லுவாங்க. இருக்குன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா ஒரு துண்டு பேத்துக்குவாங்க. வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுவாங்கள்ல? இங்க வேலி பாவம் சும்மாதான் நிக்குது." வேலிக்காரர் கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் ஒருநாள் சபலம் தட்டிடுச்சு மேடம். அப்படி என்னதான் ருசின்னு."

"நீங்களுமா?"

"ஒரே ஒரு தடவை. சீ, காக்கா பீ மாதிரி இருந்துச்சு."

"காக்கா பீயைத் தின்னு பார்த்திருக்கீங்களா?"

"அதான் மேடம் அது" என்றார் வேலிக்காரர்.

வேறொரு நாளாக இருந்தால் லென்ஸக்கா சிரித்திருப்பாள். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். இறங்கும் வழி முழுக்க வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்கவும் மனமில்லை, அந்தக் காட்டில் துப்பவும் மனமில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் மாடியில் காலை நீட்டிப் படுத்திருந்த நேரமாகப் பார்த்து, அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். கசப்பன் பொட்டலங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நாற்பத்து மூன்று. மேஜையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினாள். சிலவற்றில் துண்டு முழுசாக இருந்தது. சிலவற்றில் பூஞ்சணம் பிடித்து நூல் நூலாகத் தொங்கியது. ஒன்பது பொட்டலங்களில் தவிட்டு நிறப் பொடிதான் இருந்தது. பொடிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகப் புத்தகப் பூச்சிகள் ஊர்ந்தன, செத்தவற்றின் மேல் உயிரோடு இருப்பவை ஏறிப் போயின. காட்டில் மழையையும் வெயிலையும் தாங்கி நின்றதைக் கொண்டுவந்து பூச்சிக்குத் தீனி போட்டிருக்கிறார்கள்.

பொடியாகாத துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைக்கு மேல் வந்தது. பாறையில் ஒரு நகம், இழுப்பறையில் இரண்டு கை.

பொட்டலங்களின் மேல் எடுத்தவர் பெயரும் தேதியும் இருந்தன. அண்ணனுடையவை பதினேழு. வந்து போனவர்களுடையவை பன்னிரண்டு. பாக்கிப் பதினான்கிலும் குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அது அவளுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரே நாளில் மூன்று எடுத்திருக்கிறாள். முதல் பொட்டலத்தில் 'சோதனைக்கு' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் 'பரிமாற்றத்துக்கு'. மூன்றாவதில் 'உபரி' என்று எழுதி, அடியில் அழகாக ஒரு கோடு வேறு போட்டிருந்தாள்.

அண்ணனின் நாக்கைப் பார்த்து இத்தனை வருஷம் முகம் சுளித்தோமே என்று இருந்தது. நாக்குக்குப் போனதாவது நகக்கண் அளவுதான். தான் கத்தி வைத்து, அளந்து, உபரி என்று பெயரும் வைத்து எடுத்திருக்கிறாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடியும் போட்டுக் கழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது, அவளுக்குத்தான் தன்னைத் தொடவே கூசியது.

பழைய படிவங்களின் நகல்களையும் எடுத்துப் பார்த்தாள். 'பாறையில் மீதம்' என்ற கட்டத்தில் நாலு வருஷமாக அண்ணன் 'உள்ளங்கை அளவு' என்றே எழுதி வந்திருக்கிறார். முந்தைய வருஷத்தைப் பார்த்து அப்படியே இறக்கியது. அவருக்கு முன் அதே வார்த்தையை ஆரம்பித்து வைத்தவள் யார் என்று பார்க்கவே வேண்டியதில்லை.

அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால், 'நாமளா பாப்பா அழிச்சோம்?' என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஊரையே கூட்டிவந்து பாறையை நக்க வைத்தீர்கள், நான் பெயர்த்துப் பெயர்த்து இழுப்பறையை நிரப்பினேன் என்று, வேலையை விட்டால் வேறு பெருமை இல்லாத மனுஷர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். 'உபரி' பொட்டலத்துத் துண்டு நன்றாக இருந்தது. அதைப் புதுக் காகிதத்தில் மடித்து, திங்கட்கிழமைத் தேதியைப் போட்டாள். பழைய காகிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். படிவம் போய்விடும், வேலி நிற்கும், அந்த ஒரு நகம் யார் கண்ணிலும் படாமல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அவள் செய்த வேலைகளில் இதுதான் அந்தப் பாறைக்குக் கெடுதல் இல்லாத வேலை என்று பட்டது.

சாயங்காலம் மாடிக்குப் போனாள். அண்ணி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் பிஸ்கட் தட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தார்.

"சாப்பிடுற இடத்துல அதைப் பிரிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அண்ணி.

அண்ணன் காதில் விழாதவர்போல் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பாப்பா, பழுப்பா இருக்கு?"

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்திண்ணா."

நகத்தால் ஒரு சுரண்டு. நாக்கு வெளியே வந்தது. லென்ஸக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்பது வருஷப் பூச்சிப் பொடியும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும்.

"கசக்குது" என்றார் அண்ணன். பிறகு டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "பாறை எப்படி இருக்கு?"

"இருக்குண்ணா."

"ம்" என்றார். அதோடு விட்டுவிட்டார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று லென்ஸக்கா எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்துக்கு வந்தபோது, படிக்கட்டில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போயிருக்காரும்மா உங்க அண்ணன்? உன்கிட்ட சொன்னாரா? காலைல ஆறு மணிக்கெல்லாம் முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டு கார் வரவழைச்சுப் போயிட்டாரு. கேட்டா வேலைன்னாரு."

லென்ஸக்கா போன் போட்டாள். மேட்டில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள். வண்டி பிடித்துப் போகலாம் என்றால், போய்ச் சேரும்போது அவர் இறங்கிக்கொண்டிருப்பார். வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். சுவரில் பதினோரு நாக்குகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

ஒரு மணிக்கு அண்ணன் வந்தார். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார், முகம் மட்டும் மலர்ந்திருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. முப்பது வருஷம் பார்த்த கண்ணு, பழசு எது புதுசு எதுன்னு தெரியாதா? வேலிக்காரனும் சொன்னான், மேடம் வந்தாங்க, குனிஞ்சு பார்த்தாங்க, எடுக்காமப் போயிட்டாங்கன்னு. இடத்தையும் அவன்தான் காட்டினான். அந்த எச்சத்துல கை வைக்க உனக்கு அருவருப்பு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தானே நீ, பக்கத்து இலையில யாராவது கை உதறினாகூட எழுந்து போயிடுவ. அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? பழசை வச்சு ஒப்பேத்தினது மேல தெரிஞ்சா உன் பேருதான் நாறும். அதான் நானே போயிட்டு வந்துட்டேன்."

சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கைக்குட்டையும் கூடவே வந்து விழுந்தது. அதில் ஈரம் இன்னும் காயவில்லை.

"எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"இருந்ததே கொஞ்சந்தான். பாதியில கத்தி வச்சா பொடிஞ்சு போயிடும். அதான் மொத்தமா பேத்துட்டேன். பாறையில வேற எங்கயாவது இருக்கும்."

"தேடினீங்களா?"

"எங்க? முட்டி மடங்கினாத்தானே."

"அது சப்பையனா இருந்திருந்தா?"

"அங்கயே பார்த்துட்டேன்ல. எட்டிக்காய்." அண்ணன் சிரித்தார். கடைவாயோரத்தில் வெள்ளையாக ஒரு பொடி ஒட்டியிருந்தது.

லென்ஸக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளிகள், இன்னும் காட்டு ஈரம். ஒரு மூலையில் சுரண்டிய தடம். விதிப்படி பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷத்துத் துண்டு, சரியான அளவு, உறுதியான சோதனை. அந்தக் குழிவில் இருந்தது கசப்பன்தான் என்று இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. அவள் மட்டும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாயைத் திறந்து, 'அண்ணா, ஒரு நகம்தான் இருக்கு, போகாதீங்க' என்று சொல்லியிருந்தால் இவர் மாடியில் காலை நீட்டிப் படுத்திருப்பார். மனுஷர் போனது அவள் மானத்தைக் காப்பாற்ற.

அண்ணன் மேலோ எச்சில் மேலோ அவளுக்கு அப்போது அருவருப்பு வரவில்லை. அவர் பிரியம்தான் வயிற்றைப் புரட்டியது, அதற்குக் காரணமான தன் பொய் அதைவிட அதிகமாகப் புரட்டியது.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். 'இந்த வருஷத்துப் பொட்டலம்' என்ற கட்டத்தில் உண்டு என்று எழுதினாள். 'பாறையில் மீதம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

"என்ன எழுதுற?" அண்ணன் எட்டிப் பார்த்தார். "உள்ளங்கை அளவுன்னு போடு. பூஜ்யம் போட்டா வேலியைப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். உள்ள என்ன இருக்கு?"

"பாப்பா."

அவள் எழுதிக்கொண்டே போனாள். அடுத்த கட்டம் 'அழிவுக்குக் காரணம்'. தீ, மேய்ச்சல், கல் உடைப்பு, சுற்றுலாப் பயணிகள் என்று அச்சடித்திருந்தார்கள். எதற்கும் குறி போடாமல் கடைசியில் 'பிற' என்பதற்கு எதிரே, 'இருக்கிறதா என்று பார்க்க வந்து எடுத்தவர்கள்' என்று எழுதினாள். பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டுத் தன் பெயரை முழுசாக எழுதி, பதினான்கு துண்டுகள் என்று சேர்த்தாள். கீழே இரண்டு என்று எண் போட்டாள். படிவத்தை அண்ணன் பக்கமாகத் திருப்பி வைத்துப் பேனாவை அவரிடம் நீட்டினாள்.